பள்ளி வாயிலில் ஒரு வினா

வினா ஆறு வகைப்படும், விடை எட்டு வகைப்படும் என்று பள்ளிப் பருவத்தில் மனப்பாடம் செய்யாத தமிழ் மாணவர் இலர். அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என வினாக்களையும், சுட்டு, மறை, நேர், ஏவல், வினாவெதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என விடைகளையும் பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் நன்னூலில் வகுத்து வைத்தார். இவ்வெட்டனுள் முன்னைய மூன்றும் வினாவுக்கு நேரே நின்று இறுப்பன. பின்னைய ஐந்தும் சுற்றி வந்து விடை பயப்பன. தேர்வு முடிந்த மறுநாளே இப்பட்டியலை மறந்துவிடுவது பெரும்பாலோர் வழக்கம். எமக்கு அஃது இன்றளவும் மறவாமல் நிற்பதற்குக் காரணம் எம்மூர்ப் பள்ளி வாயில்கள். நன்னூலார் கூறிய எட்டு விடைகளும் நாள்தோறும் வழங்கும் இடம், எமக்குத் தெரிந்தவரை, அதனினும் சிறந்தது வேறொன்றில்லை.

பிள்ளையைப் பெற்றவர் ஒருவர் வந்து நின்று ஒரு கேள்வி கேட்கிறார். அக்கேள்வி எச்சொல்லில் தொடங்கி எவ்வெழுத்தில் முடிகிறது என்பதைப் பொறுத்து அவ்வெட்டில் ஒன்று அவர் கைக்கு வருகிறது. சில சமயம் அதைக் கொண்டு அவர் பிள்ளையைப் பள்ளிக்குள் அனுப்புகிறார். சில சமயம் வீட்டுக்கு அழைத்துப் போகிறார். இம்மலருக்கு ஏதேனும் எழுதித் தருக என்று தமிழ்த்துறையினர் பணித்தபோது, இதனையே எழுதலாம் என்று துணிந்தோம்.

ராசிங்காபுரம், போடிநாயக்கனூருக்கும் தேவாரத்துக்கும் இடைப்பட்ட ஊர். மேற்குத் தொடர்ச்சி மலை வீட்டு முற்றத்திலிருந்தே தெரியும். 1996-இல் தேனி மாவட்டம் பிறக்கும்வரை நாங்கள் மதுரை மாவட்டத்தார். கீழே கிணற்றுத் தோட்டமும் மானாவாரிக் காடும், மேலே ஏலமலை. கீழே நிலமில்லாதவர்க்கு மேலே வேலை உண்டு. போடியிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் போடிமெட்டு. அதற்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என விரியும் கேரளத்து ஏலத்தோட்டங்கள். விடியுமுன் ஜீப்பு வந்து ஊர்முனையில் நிற்கும். தூக்குச் சட்டியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் ஏறுவர். திரும்பும்போது விளக்கு வைத்திருப்பார்கள்.

ஏலச்செடியின் இயல்பையும் இங்கே சிறிது சொல்ல வேண்டும். நெல்லைப்போல் ஒரே நாளில் அறுத்து முடிப்பதன்று அது. தூரிலிருந்து படரும் சரத்தில் காய்கள் ஒன்றன்பின் ஒன்றாக முற்றுகின்றன. ஆகவே ஆடி, ஆவணியில் தொடங்கித் தை, மாசி வரை ஏறத்தாழ மாதத்துக்கொரு முறையோ ஒன்றரை மாதத்துக்கொரு முறையோ அதே செடிக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். பள்ளியின் காலாண்டுத் தேர்வும் அரையாண்டுத் தேர்வும் இந்தக் காயெடுப்புக் காலத்துக்குள்ளேயே வந்து விழுகின்றன. பள்ளி திறக்கும் நேரத்தில் தாய் மலைமேல் இருப்பாள். பள்ளி மூடும் நேரத்திலும் அங்கேதான் இருப்பாள். அவள் ஆசிரியரைக் காண்பதற்கு வாய்க்கும் நாள் கூலி இழந்த நாளாகத்தான் இருக்கும்: மழையில் பாதை சரிந்த நாள், உடம்பு முடியாத நாள், கேரளத்தில் ஹர்த்தால் அறிவித்த நாள். அங்கே ஹர்த்தால் என்றால் இங்கே பள்ளி வாயிலில் தாய்மார் கூட்டம். இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பு புதிதாக வரும் ஆசிரியர்க்கு விளங்க ஓராண்டு ஆகும்.

ஆக, ஆண்டில் இரண்டு மூன்று நாள். நாளில் சில நிமிடம். அதில் ஒரே ஒரு கேள்வி. வேறிடங்களில் நூறு கேள்விகள் சுமக்கும் பாரத்தை அந்த ஒரு கேள்வி சுமக்கிறது.

அக்கேள்வி பெரும்பாலும் எவ்வாறு அமைகிறது? எம் பக்கத்துத் தாய்மார்க்கு ஒரு பண்பு உண்டு. பெற்ற பிள்ளையைப் பிறர்முன் புகழ்ந்தால் கண்ணேறு படும். ஆசிரியர்முன் புகழ்ந்தாலோ அவரை மதியாதது ஆகும். எனவே பிள்ளையைத் தாழ்த்தியே பேச்சைத் தொடங்குவர். “மக்குப் பயலா இருக்கானே சார், இவன் தேறுவானா?” இப்படிக் கேட்கும் தாய் தன் மகனை மக்கு என்று எண்ணுபவள் அல்லள். வாரக் கூலியில் முன்பணம் கழித்து மீதி எவ்வளவு என்று சனிக்கிழமை இரவு கணக்குப் போட்டுச் சொல்பவன் அவனே என்பது அவளுக்குத் தெரியும். அவள் வாயிலிருந்து வந்தது பணிவு. ஐம்பது பிள்ளைகளின் பெயரையே இன்னும் முழுதாக நினைவில் கொள்ளாத ஆசிரியரின் காதில் அது பெற்றவளே தரும் சான்றாக விழுகிறது.

இலக்கண நோக்கில் பார்த்தால் அவ்வினாவில் ஐயத்துக்கு உரியது ‘தேறுவானா’ என்பது மட்டுமே. ‘மக்கு’ என்பதில் ஐயமே இல்லை. அது முடிந்த முடிபாக வினாவுக்குள் முன்னரே அமர்ந்துவிட்டது. விடை சொல்பவர் ‘தேறுவான்’ என்றாலும் ‘தேறமாட்டான்’ என்றாலும் அந்த முடிபைத் தொடாமலே சொல்கிறார். நடப்பில் வருவதோ உறுவது கூறல்: “இப்படியே போனா பத்தாவதுல நிக்க வேண்டியதுதான்.” தாய் தலையசைத்துவிட்டுத் திரும்புகிறாள். பிள்ளை அவள் முந்தானையருகில் நின்று இரண்டையும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இதற்கு இணையான இன்னொன்றும் தமிழ்நாடெங்கும் வழங்குகிறது: “கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் உரிச்சிருங்க சார்.” சொல்பவர் எவரும் அதன் பொருளை விரும்புவதில்லை, ‘இவனை உங்களிடம் ஒப்படைத்தேன்’ என்பதே கருத்து. ஆயினும் பிரம்புக்கு இசைவு கேட்காமலே கிடைத்துவிடுகிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17-ஆம் பிரிவில் உடலை வருத்துவதையும் மனத்தை வருத்துவதையும் ஒருசேரத் தடுத்தது. ஒப்படைக்கும் சொல் மட்டும் இன்னும் பழைய சொல்லாகவே இருக்கிறது.

ஒரு சொல் இவ்வளவு செய்யுமோ என்று ஐயுறுவார்க்கு ஓர் ஆய்வைச் சொல்கிறோம். அமெரிக்க உளவியலார் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் ஆகிய இருவரும் 1974-இல் வெளியிட்டது. மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் சென்றன என்று வினவினர். ஒரு சாராரிடம் ‘ஒன்றையொன்று தொட்டபோது’ என்றும், மற்றொரு சாராரிடம் ‘மோதி நொறுங்கியபோது’ என்றும், இவ்வாறே வினைச்சொல்லை மட்டும் மாற்றி மாற்றிக் கேட்டனர். தொட்டபோது என்று கேட்கப்பட்டோர் சொன்ன வேகம் சராசரியாக மணிக்கு 31.8 மைல், நொறுங்கியபோது என்று கேட்கப்பட்டோர் சொன்னது 40.5 மைல். இரு சாராரும் கண்டவை அதே படங்கள். இரண்டாவதாக நடத்திய சோதனையில், ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என்று கேட்டனர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. ‘நொறுங்கி’ என்ற சொல்லால் முன்பு வினவப்பட்ட 50 பேரில் 16 பேர் கண்டோம் என்றனர். ‘மோதி’ என்று மட்டும் வினவப்பட்ட 50 பேரில் 7 பேரே அவ்வாறு கூறினர். கண்ணால் கண்டதையே வினாவின் சொல் இவ்வளவு மாற்றுமாயின், ஆசிரியர் பாதி கவனத்தில் கண்ட ஒரு பிள்ளையின் உருவத்தை ‘மக்கு’ என்ற சொல் என்ன செய்யும் என்று மாணவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

தாழ்ந்து கேட்பது ஒரு வகை. பொங்கிக் கேட்பது மற்றொன்று. இது பெரும்பாலும் தந்தையர் வழக்கு. “ஏன் சார் எம்புள்ளைக்கு ஒண்ணுமே வரல?” ‘ஏன்’ என்பது காரணம் கேட்கும் சொல் என்று அகராதி சொல்லும். நம் நாட்டு வழக்கிலோ அது பெரும்பாலும் குற்றம் சாட்டும் சொல். ‘ஏன் வந்தாய்?’ என்று விருந்தினரைக் கேட்டுப் பாருங்கள். ஆகவே விடையாக வருவது வினாவெதிர் வினாதல்: “நீங்க வீட்டுல என்னைக்காவது நோட்டை எடுத்துப் பாத்திருக்கீங்களா?” பார்த்ததில்லை, பார்க்க நேரமில்லை, பார்த்தாலும் படிக்கத் தெரியாது. இம்மூன்றையும் சொல்ல மானம் இடங்கொடாது. பேச்சு அத்துடன் முடிகிறது. அதே தந்தை, “எந்தக் கணக்குல நிக்கிறான் சார்?” என்று கேட்டிருப்பாராயின் ஆசிரியர் நோட்டைப் புரட்டியாக வேண்டும். எது, எங்கே, எப்போது, எவ்வளவு என்பன சூடில்லாத சொற்கள். கேட்கப்பட்டவரைத் தேட வைப்பன. ‘ஏன்’ என்பது அவரைத் தற்காத்துக்கொள்ள வைக்கிறது.

பள்ளிக்கு வெளியிலும் இக்கதை உண்டு. எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று சித்திரை, வைகாசியில் ஜீப்பிலும் டீக்கடையிலும் நடக்கும் பேச்சைக் கேட்டிருப்பீர்கள். “கவர்மெண்டு பள்ளிக்கூடத்துல சேத்தா கெட்டுப் போயிருவானோ?” என்று ஒருவர் ஐய வினா எழுப்புகிறார். அங்குத் தம் பிள்ளையைச் சேர்த்திருப்பவர் முகம் சுருங்குகிறது. கடன் வாங்கித் தனியார் பள்ளிக்குக் கட்டியவர், கட்டிய பணம் வீணில்லை என்று தமக்கே சொல்லிக்கொள்வதற்காக உரக்கப் பேசுகிறார். கேட்டவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. ஜமாஅத்துப் பெரியவர்களிடமும் ஊர் நாட்டாமையிடமும் “எது நல்ல பள்ளி?” என்று கேட்டால், அவரவர் நாற்பது ஆண்டுக்கு முன் படித்த பள்ளியைச் சொல்வர் (எம்மைக் கேட்டாலும் அப்படித்தான்). ஆனால் ஒரு முறை, ஜீப்பில் எதிரே அமர்ந்திருந்த இளந்தாய் ஒருத்தி, “அக்கா, நான் அஞ்சரைக்கே ஏறிட்டா, மழைநாள்ல சின்னவனை யாரு கொண்டுபோய் விடுவா? உங்க வீட்டுல எப்படிச் சமாளிக்கிறீங்க?” என்று கேட்டதாகவும், போடிமெட்டு வரும்வரை ஜீப்பு முழுவதும் அதற்கு விடை சொல்லிக்கொண்டு வந்ததாகவும் எம் வீட்டார் சொல்லக் கேட்டோம். தொடக்கப்பள்ளியில் காலை உணவு கொடுக்கிறார்கள், ஆகவே பிள்ளைகள் நேரத்தோடு கிளம்பிவிடுகிறார்கள் என்று ஒருத்தி. தெருவில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பெண்ணோடு கோத்துவிடு என்று ஒருத்தி. தன் மாமியாரே நான்கு பிள்ளைகளைச் சேர்த்து அழைத்துப் போகிறார், ஐந்தாவதும் போகட்டும் என்று ஒருத்தி. அவ்வினாவில் எவர் செய்ததும் சரியா தவறா என்ற பேச்சே இல்லை. அதனால் எவர்க்கும் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டிய தேவையும் எழவில்லை.

இனி, எம் நெஞ்சில் நிலைத்த ஒன்றைச் சற்று விரித்து உரைக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், தை மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு மாலை, அறிந்த பெண்மணி ஒருவர் எம் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். மனு எழுதித் தர வேண்டும் என்றார். ஊரில் மனு எழுதும் வேலை எமக்கு நெடுங்காலமாக உண்டு. அவர் குடும்பம் ஐந்து மாதம் எல்லைக்கு அப்பால் ஒரு தோட்டத்து லயத்தில் தங்கி வேலை செய்தது. எட்டாம் வகுப்பில் இருந்த மகள் அங்கே தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் சேர்ந்திருந்தாள். கங்காணியோடு கணக்குத் தகராறு. ஒரே இரவில் சாமான்களைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டனர். மாற்றுச் சான்றிதழ் வாங்கவில்லை. இங்கே, மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றில் (எந்தப் பள்ளி என்பது வேண்டா) “டி.சி. கொண்டு வாங்க, பாக்கலாம்” என்றனர். ஒரு நாள் கூலியை விட்டு மேலே போனார். அங்கே தலைமையாசிரியர் விடுப்பு. மூன்று வாரம் ஓடிவிட்டது. பெண் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் முதல் அவளையும் ஜீப்பில் ஏற்றிக்கொள்ள ஆள் பேசியாகிவிட்டது. பதின்மூன்று வயது.

“டி.சி. இல்லாம சேத்துக்குவீங்களான்னு கேட்டு எழுதுங்கய்யா” என்றார்.

எழுதுகோலை எடுத்த யாம் சற்றே நின்றோம். அவ்வாறு மூன்று முறை வாய்மொழியாகக் கேட்டிருக்கிறார். மூன்று முறையும் மறை விடையே கிடைத்திருக்கிறது. அது வியப்பன்று. அவ்வினாவின் முதற்சொல்லே ‘இல்லாமல்’ என்பதைச் சுமந்து வருகிறது. விதியை மீறுவீர்களா என்று கேட்டதாகத்தான் அது அலுவலகத்தின் காதில் விழும். இறுதியில் நிற்கும் ஆகாரமோ ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் இரண்டு கதவுகளையே திறக்கிறது. ஆண்டுத் தணிக்கைக்கு அஞ்சும் ஒருவர் அவ்விரண்டில் எதைத் தேர்வார்?

உண்மையில் விதி அப்பெண்மணியின் பக்கமே இருந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, மாநிலத்துக்கு உள்ளேயாயினும் வெளியேயாயினும், எக்காரணத்தாலாயினும், ஒரு பிள்ளை வேறு பள்ளிக்கு மாற நேர்ந்தால் அதற்கு உரிமை உண்டு என்கிறது. பழைய பள்ளியின் தலைமையாசிரியர் உடனே சான்றிதழ் தர வேண்டும். அது வந்துசேரத் தாமதம் ஆகிறது என்பதைக் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. எட்டாம் வகுப்பு வரை, பதினான்கு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இவ்வுரிமை உண்டு. இடம்பெயரும் குடும்பத்துப் பிள்ளைகளின் சேர்க்கையை உறுதிசெய்வது உள்ளாட்சியின் கடமை என்று 9-ஆம் பிரிவும் கூறுகிறது. இவற்றை எடுத்துக்காட்டி, ‘சட்டம் இவ்வாறிருக்க நீவிர் ஏன் மறுக்கிறீர்?’ என்று எழுதலாமே என்றோம்.

அவர் உடனே மறுத்தார். “சண்டை வேணாங்கய்யா. நாளைக்கு எம்புள்ள அங்கதான ஒக்காரணும்.”

எமக்கு விடை தோன்றவில்லை. அவரும் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தமக்குத் தாமே கேட்பது போல, “அந்தத் தாளு என்னைக்கோ வரட்டும். அது வர்ற வரைக்கும் இவ எங்கதான் ஒக்காருவா?” என்றார்.

அதுவே வினா. அதையே எழுதினோம். மாற்றுச் சான்றிதழ் வந்துசேரும்வரை என் மகள் எட்டாம் வகுப்பில் எந்தப் பிரிவில் அமர வேண்டும்? விடுபட்ட பாடங்களை எந்த ஆசிரியரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்? சான்றிதழை அனுப்புமாறு தங்கள் பள்ளியிலிருந்து அப்பள்ளிக்கு எழுதுவதாயின் அதன் முகவரி இது. இம்மூன்றுடன், சட்டப் பிரிவின் எண்ணைக் கடைசி வரியில், குரலை உயர்த்தாமல், குறித்தோம். ஒரு பக்கத்துக்கும் குறைவு.

மறுநாள் காலை அவர் மகளோடு சென்று அதைக் கொடுத்தார். தலைமையாசிரியர் இரண்டு முறை படித்தார் என்றும், வருகைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி எந்தப் பிரிவில் பிள்ளைகள் குறைவு என்று பார்த்தார் என்றும், பிறகு வராந்தாவின் கோடியைக் கையால் காட்டி, “அதோ, அந்த ரூம்புக்குப் போம்மா” என்றார் என்றும் பின்னர் வந்து சொன்னார். சுட்டு விடை. நன்னூலுக்கு உரை எழுதுவோர் தேடினாலும் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைக்காது. சான்றிதழ் ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து அஞ்சலில் வந்தது.

அத்தலைமையாசிரியரைக் கொடியவர் என எண்ணிவிட வேண்டா. சேர்ப்பதா வேண்டாவா என்று கேட்டபோது அவர் பதிவேட்டுக்குப் பொறுப்பான அலுவலர். எங்கே அமர்த்துவது என்று கேட்டபோது ஆசிரியர். இரண்டும் ஒரே மனிதருக்குள் இருந்தன. சொல் வலிமையை மட்டும் வியந்து சட்டத்தை மறந்துவிடவும் கூடாது; 5-ஆம் பிரிவு இல்லாதிருந்தால் எவ்வளவு இனிய வினாவும் பயன் தந்திராது. அப்பெண் எம்மூர்ப் பக்கம் பத்தாம் வகுப்பு முடித்தாள். அதன்பின் அக்குடும்பம் மீண்டும் மலையேறிவிட்டது.

இதை நண்பர் ஒருவரிடம் கூறியபோது அவர் சினந்தார். அவரும் ஓய்வுபெற்ற ஆசிரியரே. “கூலிக்குப் போகிற பெண்ணுக்கு வினாவிலக்கணம் கற்றுக்கொடுக்கப் போகிறீரோ? கார் வைத்திருப்பவர் தப்பும் தவறுமாக எதைக் கேட்டாலும் நாற்காலி போட்டு விடை சொல்கிறார்களே, அது எந்த வினா?” என்றார். அவர் சினம் நியாயமானது. வினாவின் அமைப்பைப் போலவே, கேட்பவர் நின்றுகொண்டு கேட்கிறாரா அமர்ந்துகொண்டு கேட்கிறாரா என்பதும் விடையை வரையறுக்கிறது. எம் மனுவிலுள்ள அதே சொற்களை அப்பெண்மணி வாசலில் நின்று வாயால் கேட்டிருந்தால் அதே விடை வந்திருக்கும் என்று உறுதிகூற எம்மால் இயலாது. வேற்று நாட்டிலும் இதே நிலைதான். அமெரிக்கச் சமூகவியலார் அனெட் லாரோ, 2003-இல் வெளியிட்ட தம் நூலில், நடுத்தர வகுப்புப் பெற்றோர் பள்ளியோடு வாதாடித் தம் பிள்ளைக்கு வேண்டியதைப் பெறுவதையும், உழைக்கும் வகுப்புப் பெற்றோர் பள்ளி சொன்னதே முடிவு என்று விட்டுவிடுவதையும், அப்படி விடுபவர் உள்ளுக்குள் குமைவதையும் வீடு வீடாகத் தங்கிப் பார்த்து எழுதினார்.

ஆகவே வினாவைத் திருத்தும் சுமையை வினவுவோர் தலையிலேயே ஏற்றுவது முறையன்று. இம்மலரைப் படிக்கும் மாணவர்களுள் பலர் நாளை ஆசிரியர் ஆவீர்கள். “மக்குப் பயலா இருக்கானே” என்று ஒரு தாய் தொடங்கும்போது, அவள் கேட்க வந்த வினா வேறு என்று அறிந்து, அதற்கு விடை சொல்வது உங்கள் பணி. அதை அன்பினால் செய்யும் உதவி என்றுகூட எண்ண வேண்டியதில்லை. பெற்றோரை அவ்வப்போது கூட்டி, பிள்ளையின் வருகை எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது, கற்கும் திறன் எத்தகையது, கற்றலில் எவ்வளவு முன்னேறியிருக்கிறது, வேறு தெரிந்துகொள்ள வேண்டியவை யாவை என்பவற்றை அவர்க்கு அறிவிப்பது ஆசிரியரின் கடமை என்று அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவு வரையறுத்திருக்கிறது. வினா வராவிடினும் விடை உண்டு என்பதே அதன் பொருள்.

ஆசிரியர் கேட்கும் வினாவுக்கும் இஃது ஒக்கும். கூட்டத்தின் முடிவில், “வேற சந்தேகம் ஏதும் இல்லையே?” என்று கேட்பது நம் பள்ளிகளின் வழக்கம். ‘இல்லையே’ என்ற தேற்றேகாரம் கதவைச் சாத்தித் தாழிடுகிறது. மருத்துவர்களைக் கொண்டு அமெரிக்காவில் ஜான் ஹெரிட்டேஜ் முதலானோர் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. ‘இன்று பேச வேண்டிய வேறு சிலவும் உண்டா?’ என்னும் கருத்துப்பட மருத்துவர் கேட்டபோது, நோயாளிகள் சொல்லாமல் மனத்தில் சுமந்து திரும்பும் குறைகள் பெரிதும் குறைந்தன. ‘வேறு ஏதேனும் உண்டா?’ என்னும் கருத்துப்படக் கேட்டபோது அத்தகைய பயன் விளையவில்லை. ஆங்கிலத்தில் ஒரே ஒரு சிறுசொல்லின் வேறுபாடு அது. எமக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் எந்த ஆய்வையும் படித்தவர் அல்லர். அவர் தாய்மாரிடம், “போன வாரம் வீட்டுல பிள்ளை எதைப் பத்தி அதிகமாப் பேசுனா?” என்றுதான் தொடங்குவார். அதற்கு ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ விடை சொல்ல இயலாது. ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லத் தொடங்கியவர் பிறகு நிறுத்துவதில்லை.

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இப்போது உண்டு. உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது விதி. மலைக்குப் போகும் தாய்மாருக்குப் பதிலாகப் பல ஊர்களில் பாட்டிமார் வந்து அமர்கிறார்கள். அத்தகைய கூட்டம் ஒன்றில் அண்மையில் பார்வையாளராக அமர்ந்திருந்தோம். கட்டடம், குடிநீர், சுற்றுச்சுவர் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஓர் ஓரத்தில், வெற்றிலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், தம் முறை வந்ததும், பேரன் நன்றாகப் படிக்கிறானா என்று கேட்கவில்லை.

“எம் பேரன் வகுப்புல எந்த எடத்துல ஒக்காந்திருக்கான் சார்?” என்றார்.

இளம் ஆசிரியர் சிறிது யோசித்து, “கடைசி வரிசைல, சன்னல் பக்கம், பாட்டி” என்றார்.

“அங்க இருந்து பாத்தா போர்டு தெரியுதாய்யா?”

ஆசிரியர் உடனே விடை சொல்லவில்லை. எழுந்து வகுப்பறைக்குள் சென்றார். சன்னல் வழியே எங்களுக்குத் தெரிந்தது. வெயில் கரும்பலகையின் மீது விழுந்துகொண்டிருந்தது. அவர் கடைசி வரிசைக்குப் போய், அந்தப் பிள்ளையின் இடத்தில் குனிந்து அமர்ந்து, பலகையைப் பார்த்தார்.